விமானம் ஏறும் முன் உட்கார்ந்து சாப்பிடலாமா? ரோம் விமான நிலையத்தில் ஓர் இத்தாலிய மதியச் சாப்பாடு

ஒரு குடும்பம் கேட்கும் கேள்வி இதுதான்: ரோமில் ஒரு வாரம் சுற்றிவிட்டு தோஹா வழியாகச் சென்னை திரும்புகிறார்கள். விமானம் மதியம் 3.30க்கு. ஹோட்டல் அறையைக் காலை 10 மணிக்கே காலி செய்ய வேண்டும். ஃபியுமிசினோ விமான நிலையத்துக்குள் இருக்கும் இத்தாலிய உணவகத்தில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிடலாமா, இல்லை ஒரு சாண்ட்விச்சை வாங்கிக்கொண்டு கேட்டுக்குப் போய்விடுவது நல்லதா? கூட வரும் அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். அவருக்கு அங்கே என்ன கிடைக்கும்?

உட்கார்ந்து சாப்பிடுங்கள். தயங்கவே வேண்டாம். அந்த விமான நிலையத்து உணவகம் ஒன்றின் சமையலறையில், பாஸ்தா வேகும் அடுப்புக்கு முன்னால் 6 வருடம் நின்றவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் எங்கே உட்காருகிறீர்கள், எப்போது உட்காருகிறீர்கள், என்ன கேட்கிறீர்கள் என்ற மூன்றும் சரியாக அமைய வேண்டும். ஊருக்குள் இருக்கும் உணவகத்தில் சமையல்காரருக்கு உப்பு, எண்ணெய், நெருப்பு போதும். விமான நிலையத்தில் கடிகாரமும் சேர்மானத்தில் ஒன்று. ரோமில் லா பெர்கோலா உணவகத்தால் பெயர்பெற்ற சமையல்கலைஞர் ஹைன்ஸ் பெக், இதே ஃபியுமிசினோவில் ஓர் உணவகம் தொடங்கியபோது, பயணியின் கையில் எத்தனை நிமிடம் இருக்கிறது என்பதைப் பார்த்தே மெனுவைப் பிரித்தார். அவ்வளவு பெரிய கைக்காரரே கடிகாரத்துக்கு வழிவிட்டிருக்கிறார்.

முதலில், தரையிலேயே ஏன் சாப்பிட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல இருக்கும். ஊட்டியோ கொடைக்கானலோ நினைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மூக்கு வறண்டால் வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் பாதி ருசி போய்விடும். உப்பும் இனிப்பும் மந்தமாகப் படும். கூடவே எஞ்சின் இரைச்சல். 2015இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில், விமான இரைச்சல் அளவு சத்தத்தில் இனிப்புச் சுவை குறைந்தும், தக்காளியிலும் முதிர்ந்த சீஸிலும் இருக்கிற உமாமி சுவை கூடியும் தெரிந்தது. ஆகாயத்தில் தக்காளிச் சாறு கேட்பவர்கள் ஏன் அத்தனை பேர் என்பதற்கு இது நல்ல விளக்கம்.

இதிலிருந்து என் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. தக்காளிக் குழம்பு போட்ட எதுவும் மேலேயும் ருசிக்கும், அதை விமானத்தில் பார்த்துக்கொள்ளலாம். எலுமிச்சைத் தோல், துளசிக்கு உறவான பேசில் இலை, நல்ல ஆலிவ் எண்ணெய், அப்போதுதான் இடித்த மிளகு, இவையெல்லாம் மென்மையான வாசனைகள். மேலே போனால் காணாமல் போய்விடும். அவற்றைத் தரையில் இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள்.

சரி, எங்கே உட்காருவது? உங்கள் விஷயத்தில் பதில் ஒன்றுதான்: பாஸ்போர்ட் சோதனைக்கு அப்புறம். ஃபியுமிசினோவில் ஷெங்கன் நாடுகளுக்குள் (தங்களுக்குள் பாஸ்போர்ட் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகள்) பறப்பவர்களுக்கு ஒரு பகுதி, வெளியே பறப்பவர்களுக்கு ஒரு பகுதி. தோஹா, துபாய் போன்ற ஊர்களுக்குப் போகிறவர்கள் குடியகல்வுச் சோதனை தாண்டி ஈ வரிசை கேட்டுகளுக்கு வரவேண்டும். அங்கேயும் ஒரு பகுதி கேட்டுகளுக்குத் தானியங்கி ரயிலில் ஏறித்தான் போகவேண்டும். இதற்கு நேர்மாறாக, ஃப்ராங்க்ஃபர்ட்டிலோ பாரிஸிலோ மாறிப் போகிறவர்களுக்கு ரோமில் பாஸ்போர்ட் வரிசையே கிடையாது, சோதனை அந்த ஊரில்தான். அவர்கள் செக்யூரிட்டி முடிந்ததும் சாப்பிட உட்காரலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

பாஸ்போர்ட் வரிசையின் நீளத்தை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பியர் அல்லாதவர்களின் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை தொடங்கியிருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் ஒதுக்குங்கள். சீக்கிரம் வந்துவிட்டோம், செக்-இன் கவுண்டர் இன்னும் திறக்கவில்லை, அதுவரை வெளியிலேயே சாப்பிட்டுவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். நான் பயணியாகப் போன ஒருமுறை, வேறோர் ஊரில், அப்படித்தான் வெளியே உட்கார்ந்தேன். தட்டு வந்தபோது செக்யூரிட்டி வரிசை கதவு வரைக்கும் நீண்டுவிட்டது. நாலு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்து ஓடினேன். விமானம் கிடைத்தது, ஆனால் அந்தப் பாஸ்தா இன்னும் என் மனதில் ஆறிக்கொண்டே இருக்கிறது. வெளியே காத்திருக்கும்போது கவுண்டரில் நின்று ஒரு காபி மட்டும் குடியுங்கள். இத்தாலியில் காபியை நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. நின்று குடிப்பதுதான் அவர்கள் வழக்கமும்.

இப்போது சமையலறைக்கு வருவோம், சொல்ல நிறைய இருப்பது இங்கேதான்.

நல்ல உணவகத்தில் ஸ்பகெட்டியை ஆர்டர் வந்த பிறகுதான் வேகவைப்பார்கள். காய்ந்த ஸ்பகெட்டி வேக 9, 10 நிமிடம் ஆகும். கூட்டம் அள்ளும் இடங்களில் காலையிலேயே முக்கால் பதம் வேகவைத்து, எண்ணெய் பூசி ஆறவைத்து, ஆர்டர் வந்ததும் கொதிநீரில் ஒன்றரை நிமிடம் முக்கி எடுப்பார்கள். தட்டைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். ஆர்டர் கொடுத்து மூன்றே நிமிடத்தில் ஸ்பகெட்டி வந்தால் அது காலையில் வெந்தது. பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் ஆனால் சந்தோஷப்படுங்கள், உங்களுக்காக வெந்திருக்கிறது. அவசரமாக இருப்பவர்கள் லசான்யா கேட்கலாம். அது எப்படியும் காலையிலேயே அடுக்கிச் சுட்டு வைப்பதுதான், மறுபடி சூடாக்கினாலும் கெடாது. ரிசோட்டோவை விட்டுவிடுங்கள். முறைப்படி செய்தால் அரிசி வேகவே 16, 18 நிமிடம், பக்கத்தில் நின்று கிளறவும் வேண்டும். சீக்கிரம் வருகிற ரிசோட்டோ முன்கூட்டியே வெந்தது, குழைந்துதான் இருக்கும். பொங்கல் ஆறி இறுகினால் எப்படி இருக்குமோ அப்படி.

ஒரு பதார்த்தத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். கச்சோ எ பெப்பே என்பது ரோமாபுரியின் எளிய சாப்பாடு. பெக்கொரினோ என்கிற செம்மறியாட்டுப் பால் சீஸ், மிளகு, பாஸ்தா, அவ்வளவுதான். வெண்ணெய் இல்லை, கிரீம் இல்லை. வாணலியில் மிளகை வெறுமனே வறுத்து, வாசனை எழும்பியதும் பாஸ்தா வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றுவோம். அந்தத் தண்ணீர் வெண்மையாக, கொழகொழவென்று இருக்கும். நம் வீட்டில் சோறு வடித்த கஞ்சிதான் அது. அடுத்து பாஸ்தாவைப் போட்டு ஒரு புரட்டு. அடுப்பை அணைத்து, வாணலியை இறக்கி, சூடு கொஞ்சம் அடங்கியதும்தான் துருவிய சீஸைத் தூவ வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே தூவினால் சீஸ் திரிந்து ரப்பர் போல உருண்டையாகிவிடும். மணிக்கட்டால் சுண்டிச் சுண்டிப் புரட்டும்போது, கஞ்சியும் சீஸும் கலந்து பாஸ்தாவைச் சுற்றி ஒரு பால்போர்வை பிடிக்கும். அது நிற்பது நாலைந்து நிமிடம்தான். பிறகு இறுகிவிடும். அதனால்தான் இது விமானத்தில் கிடைக்காது, பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தாலும் கிடைக்காது. உட்கார்ந்து, வந்தவுடன் சாப்பிட வேண்டும். போட்டோ எடுப்பதென்றால் ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ரோமின் மற்ற மூன்று பாஸ்தாக்களும் இதே குடும்பம்தான். கச்சோ எ பெப்பேயில், பன்றியின் கன்னத்து இறைச்சியை உப்பிட்டுப் பதப்படுத்திய குவான்சாலேவைச் சேர்த்தால் க்ரிச்சா. க்ரிச்சாவில் தக்காளி சேர்ந்தால் அமத்ரிச்சானா. தக்காளிக்குப் பதில் முட்டை சேர்ந்தால் கார்பொனாரா. உங்களில் அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரே ஒன்றைத் தேர்வு செய்யலாம் என்றால், கார்பொனாராவைச் சொல்வேன். அதில் கிரீம் ஊற்றியிருந்தால் அது ரோம் வழக்கம் இல்லை. முட்டை பொரியலாகத் திரிந்து வந்திருந்தால் தயங்காமல் வெயிட்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்.

பீட்சாவைப் பற்றி ஒரு வார்த்தை. நேப்பிள்ஸ் முறைப் பீட்சா கிட்டத்தட்ட 485 டிகிரி சூட்டில் 60 முதல் 90 வினாடியில் வெந்துவிடும். நேரம் இல்லாதவருக்கு நன்றாகச் செய்து கிடைக்கும் சூடான சாப்பாட்டில் அதைவிட வேகமானது கிடையாது. விமான நிலையத்தில் மின்சார அடுப்பாகத்தான் இருக்கும், அதனால் தரக்குறைவு என்று நினைக்க வேண்டாம். மாவு புளித்த விதமும் அடுப்பின் சூடும்தான் ருசியைத் தீர்மானிக்கின்றன.

இப்போது அம்மா விஷயம். இது அவரவர் நம்பிக்கை சம்பந்தப்பட்டது, அதனால் முழுசாகச் சொல்ல வேண்டும்.

இத்தாலியில் ஒருவரைச் சைவம் என்றால் மாமிசமும் மீனும் சாப்பிடாதவர் என்று மட்டும்தான் புரிந்துகொள்வார்கள். முட்டையும் சீஸும் சாப்பிடுவார் என்றே எடுத்துக்கொள்வார்கள். சீஸில்தான் சிக்கல். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரைப் போட வேண்டுமென்றால், பாலைத் திரியவைக்க கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் விதி. பெக்கொரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னட். எருமைப்பால் மொஸ்ஸரெல்லாவும் பெரும்பாலும் கன்று ரென்னட்தான். இந்தியாவில் பச்சைப் புள்ளி பார்த்து சீஸ் வாங்கும் குடும்பத்துக்கு இது பெரிய அதிர்ச்சி. சாப்பிட்ட பிறகு தெரிந்து வருத்தப்பட்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு இது ஒரு பொருட்டில்லை என்றால் நான் மேலே சொன்ன கச்சோ எ பெப்பே அவருக்கும் ஆகும். பொருட்டு என்றால் சீஸே இல்லாத பக்கம் போய்விடுங்கள், அங்கேயும் நல்ல சாப்பாடு இருக்கிறது.

சீஸும் முட்டையும் இல்லாதவற்றில் என் முதல் சிபாரிசு ஆலியோ, ஓலியோ எ பெப்பெரொன்சீனோ. பூண்டு, ஆலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாய், ஸ்பகெட்டி. ஒருமுறை கும்பகோணத்துப் பாட்டி ஒருவர் மகனோடு வந்திருந்தார். உள்ளே தமிழ்க் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். மெனுவை மூடி வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா, வாழைப்பழம் இருந்தா போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானே வெளியே போய், "பாட்டி, பத்து நிமிஷம் குடுங்க" என்று கேட்டுக்கொண்டு வந்தேன். தனி வாணலி எடுத்து, பூண்டைச் சன்னமாகச் சீவி, எண்ணெயில் பொன்னிறம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே மிளகாயைக் கிள்ளிப் போட்டு, கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் புரட்டிக் கொடுத்தேன். முட்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டார். "சேமியாவுக்குப் பூண்டு தாளிச்சாப்ல இருக்கு, நல்லாருக்கு" என்றார். அந்த 6 வருடத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

அடுத்து ஆர்ராபியாத்தா. தக்காளி, பூண்டு, காரம். மேலே சீஸ் தூவுவார்கள், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பொமொதோரோ என்றால் வெறும் தக்காளிச் சாறு, காரம் இல்லாதது. பீட்சாவில் மரினாரா கேளுங்கள். பெயரைப் பார்த்துக் கடல் உணவு என்று பயப்படுகிறார்கள், அப்படி ஒன்றும் இல்லை. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும்தான், சீஸ் கிடையாது. ஆனால் சில இடங்களில் அதன்மேல் நெத்திலிக் கருவாடு போன்ற அன்ச்சோவி வைப்பதுண்டு, கேட்டுவிடுங்கள்.

பாஸ்தாவிலும் ஒரு வித்தியாசம் உண்டு. இத்தாலியில் காய்ந்த பாஸ்தா பெரும்பாலும் டியூரம் கோதுமை ரவையும் தண்ணீரும்தான், ஸ்பகெட்டி, பென்னே, ரிகத்தோனி எல்லாம் இதில் அடங்கும். அன்றன்று மாவு பிசைந்து செய்கிற ஃபெத்துச்சீனே, தாலியத்தேல்லே, ரவியோலி ஆகியவற்றில் பெரும்பாலும் முட்டை இருக்கும். "எல்லாம் கோதுமைதானே" என்று ஏமாந்துவிடக் கூடாது.

சைவம் மாதிரித் தெரிந்தும் சைவமில்லாதவை வேறு சில உண்டு. மினெஸ்த்ரோனே சூப்பில் மாமிசச் சாறோ, சீஸின் காய்ந்த தோலோ சேர்ந்திருக்கலாம். பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோவில் பார்மிஜானோ உண்டு. புத்தனெஸ்கா பாஸ்தாவில் அன்ச்சோவி மீன். ரோமின் சுப்ளி என்ற அரிசி உருண்டைக்குள் வழக்கமாக மாமிசக் குழம்பு இருக்கும். பியாதீனா என்ற தட்டையான ரொட்டியில், பழைய முறைப்படி செய்தால் பன்றிக் கொழுப்பு. இனிப்பில் பன்ன கோத்தா ஜெலட்டினில் நிற்பது, திராமிசூவில் பச்சை முட்டை. அம்மாவுக்கு எலுமிச்சை சோர்பெத்தோ வாங்கிக் கொடுங்கள், ஆனால் சில கடைகளில் மென்மையாக வர முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதால் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு.

வெயிட்டரிடம் சொல்ல மூன்று வாக்கியங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ" என்றால் சீஸ் இல்லாமல். "சென்ஸா உவோவா" என்றால் முட்டை இல்லாமல். "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே" என்றால் மாமிசமும் மீனும் இல்லாமல். விமான நிலையத்தில் வெயிட்டர்கள் எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும்தான். ஆனால் உள்ளே அடுப்பில் நிற்பவரிடம் போய்ச் சேருவது இத்தாலிய மொழியில் எழுதிய ஆர்டர் சீட்டு. அதே வார்த்தையில் சொன்னால் வழியில் எதுவும் தவறாது. சில நாள் உள்ளே தமிழே கேட்கும். பலெர்மோவிலும் மற்ற ஊர்களிலும் குடியேறிய இலங்கைத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இத்தாலியச் சமையலறைகளில் நன்றாகக் காலூன்றியிருக்கிறார்கள். என் பக்கத்து அடுப்பில் நின்றவரும் பருத்தித்துறைக்காரர்தான்.

வயிற்றுக்காக ஒரு எச்சரிக்கை. மேலே அழுத்தம் குறையும்போது வயிற்றுக்குள் இருக்கும் வாயு கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். அதனால் பீன்ஸ் போட்ட பாஸ்தா எ ஃபஜோலி, நாலு வகை சீஸ் போட்டது, சோடா தண்ணீர் மூன்றையும் அன்றைக்கு ஒத்தி வையுங்கள். தண்ணீர் கேட்கும்போது "நத்துராலே" என்றால் சோடா இல்லாதது. ஒயின் ஒரு கிளாஸுக்கு மேல் வேண்டாம், வறண்ட காற்றில் தலைவலி நிச்சயம்.

ஆர்டர் கொடுக்கும் முன்பே, உட்கார்ந்தவுடன் போர்டிங் பாஸைக் காட்டி, "எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்" என்று வெயிட்டரிடம் சொல்லிவிடுங்கள். இதைச் சொன்ன மேசையின் சீட்டில் நேரத்தைக் கிறுக்கி உள்ளே அனுப்புவார்கள், நாங்கள் அதை முன்னால் தள்ளுவோம். சொல்லாத மேசை வரிசையில்தான் நிற்கும். அன்திபாஸ்தோ என்கிற தொடக்கத் தட்டு, பாஸ்தா, மாமிசம், இனிப்பு என்று நாலு சுற்றும் கேட்க வேண்டாம். ஆளுக்கு ஒரு பாஸ்தா, நடுவில் பகிர ஒரு காய்கறித் தட்டு, அது போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அப்புறம் பில். இத்தாலியில் நீங்கள் கேட்காமல் பில் வராது. மேசையில் இருக்கும் விருந்தாளியைக் கிளம்பச் சொல்வது போல ஆகிவிடும் என்பதால் மரியாதை கருதித் தரமாட்டார்கள். இது தெரியாமல் "வரும், வரும்" என்று இருபது நிமிடம் காத்திருந்து விமானத்தைத் தவறவிடும் நிலைக்கு வந்தவர்கள் உண்டு. பாஸ்தா தட்டு வந்தவுடனே "இல் கோன்தோ, பெர் ஃபவோரே" என்று சொல்லிவிடுங்கள். பில்லில் "பானே" என்று சிறு தொகை இருந்தால் அது ரொட்டிக் கூடைக்கானது. இத்தாலியின் பல பகுதிகளில் மேசைக் கட்டணமாக "கொபெர்த்தோ" வாங்குவார்கள். ரோம் இருக்கும் லாத்ஸியோ மாநிலத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பெயரில் வாங்கக் கூடாது, ரொட்டிக்கு வாங்கலாம். ரொட்டி வேண்டாம் என்றால் முதலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். டிப்ஸ் கட்டாயம் இல்லை.

உங்கள் 3.30 விமானத்துக்கு நான் போட்டுத் தரும் திட்டம்: 11.30 வாக்கில் ரோமின் தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ஏறுங்கள், நடுவில் நிற்காமல் 32 நிமிடத்தில் விமான நிலையம். 12.30க்குக் கவுண்டர் திறந்ததும் பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போங்கள். செக்யூரிட்டியும் பாஸ்போர்ட்டும் முடிய 1.30 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் உங்கள் கேட் எந்தப் பக்கம், ரயில் ஏற வேண்டுமா என்று திரையில் பாருங்கள். ரயில் ஏற வேண்டுமென்றால் ஏறி இறங்கி, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உணவகத்தில் உட்காருங்கள். 2.20க்கு எழுந்துவிடுங்கள். பாஸ்போர்ட் வரிசை இழுத்து மணி 2 ஆகிவிட்டால் உணவகத்தை மறந்துவிட்டு, சுடச்சுட ஒரு துண்டு பீட்சாவை நின்றபடி சாப்பிடுங்கள்.

எழுந்திருக்கும்போது ரொட்டிக் கூடையைத் தூக்கிப் பாருங்கள். போர்டிங் பாஸைக் காட்டிவிட்டு பாஸ்போர்ட்டை மேசையிலேயே வைப்பார்கள், தட்டுகள் வரவர அது கூடைக்கு அடியில் போய்விடும். அப்படி விட்டுப்போன பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, ஏப்ரன் கட்டியபடியே இரண்டு முறை கேட் வரைக்கும் ஓடியிருக்கிறேன்.